மனசு சரியில்லைன்னு ஊருக்கே சொன்ன பிரதமரைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல இலங்கை சமாதானப் பேச்சுவார்த்தை பத்தி வந்த கட்டுரைய ஒரு வரி விடாம படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, நடுவுல நின்ன நார்வேயோட தூதர் எரிக் சோல்ஹைம் கொழும்புக்கும் வன்னிக்கும் அலைஞ்சது, 2002 பிப்ரவரி போர்நிறுத்த ஒப்பந்தம், அதுக்கப்புறம் தாய்லாந்துல ஆரம்பிச்ச பேச்சு எல்லாம் விவரமா இருந்துச்சு, ஆனா அப்போ நார்வேயில பிரதமரா இருந்தவர் "அன்றைய நார்வே பிரதமர்"னு ஒரே ஒரு இடத்துல வந்துட்டு போயிட்டார், பேரு கூட போடல. அந்த மனுஷனைப் பத்திதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாதான் இருக்கும், இடம் இல்லைன்னா வெட்டிக்கோங்க, ஆனா 1998 பத்தி எழுதியிருக்கறத மட்டும் தயவு செஞ்சு வெட்டாதீங்க.

அவர் பேரு ஷெல் மாக்னே பொண்டேவிக். 1947 செப்டம்பர்ல நார்வேயோட மேற்குக் கரையில மோல்டேங்கற ஊர்ல பொறந்தவர். ஆஸ்லோவுல இறையியல் படிச்சு 1975-ல பட்டம் வாங்கினார், 1979-ல லுத்தரன் சபையில போதகரா அபிஷேகம் ஆனார், நம்ம சபைகள்ல ஐயர்னு கூப்பிடறோமே அதே பட்டம்தான். ஆனா முழு நேரமா ஒரு சபைய மேய்க்கறதுக்கு அவருக்கு வாய்க்கல, ஏன்னா படிச்சிட்டு இருக்கும்போதே அரசியல் இழுத்துடுச்சு. 1970-ல கிறிஸ்துவ மக்கள் கட்சியோட இளைஞர் அணித் தலைவர், 1973-ல எம்.பி., அப்போ வயசு 26. அதுல இருந்து 2005 வரைக்கும் 32 வருஷம் விடாம பார்லிமென்ட்டுல உக்காந்திருக்கார்.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு ஆர்வம்னா நானும் லுத்தரன் சபையில வளர்ந்தவன். தரங்கம்பாடிக்கு 1706-ல மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கினாரே, 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சுல கொண்டு வந்தாரே, அவரை அனுப்பின ராஜா டென்மார்க்குக்கு மட்டும் இல்ல நார்வேக்கும் அவர்தான் ராஜா, ரெண்டு நாடும் 1814 வரைக்கும் ஒரே கிரீடத்துக்கு கீழ இருந்துச்சு. எங்க அப்பா வட ஆற்காட்டுல இருந்து பொழைப்புக்கு பெங்களூர் வந்து காக்ஸ் டவுன்ல தங்கினவர், வீட்டுல இந்தக் கதையெல்லாம் சொல்லித்தான் வளர்த்தார், அதனால நார்வேயில ஒரு போதகர் பிரதமர் ஆனார்னு 1997-ல செய்தி வந்தப்போ எங்க சபையில பெருசா பேசினோம்.

போதகர் அரசியலுக்கு வர்றது நார்வேயில நம்ம நினைக்கற மாதிரி பெரிய அதிசயம் இல்ல. அப்போ அங்க சபையே அரசாங்கத்தோட சபைதான், ராஜாதான் சபைக்குத் தலைவர், பிஷப்பை நியமிக்கறது கூட மந்திரிசபைதான், 2012-ல அரசியல் சட்டத்தைத் திருத்தின பிறகுதான் அது மாறுச்சு. பொண்டேவிக் குடும்பத்துலயே ஒருத்தர் 1965-ல இருந்து 1971 வரைக்கும் சர்ச், கல்வி மந்திரியா இருந்திருக்கார். அதே நாற்காலில 1983-ல இவர் வந்து உக்காந்தார், அதே வருஷம் கட்சித் தலைவர் பதவியும் வந்துச்சு, 1989-90-ல வெளியுறவு மந்திரி, பெர்லின் சுவர் இடிஞ்ச நேரம் அது.

அப்புறம் 1997 தேர்தல். ஆட்சியில இருந்த தொழிலாளர் கட்சித் தலைவர் தோர்பியோர்ன் யாக்லாண்ட் போன தடவை வாங்கின 36.9 சதவீதத்துக்கு கீழ போனா ஆட்சிய விட்டுடுவேன்னு சொல்லி வச்சிருந்தார், கிடைச்சது 35, சொன்ன மாதிரியே விலகிட்டார். 165 பேர் இருக்கற சபையில வெறும் 42 எம்.பி. வச்சிருந்த மூணு சின்ன கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைச்சுது, அதுக்கு பிரதமர் பொண்டேவிக். நம்ம ஊர்ல கூட்டணி ஆட்சி பாத்தவங்களுக்கே இது எவ்வளவு இழுபறின்னு புரியும், ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ஒவ்வொரு சட்டத்துக்கும் எதிர்க்கட்சிகிட்ட போய் பேசித்தான் ஓட்டு வாங்கணும். கைக்குழந்தைய கிரஷ்ல விடாம வீட்டுல வளர்க்கற குடும்பத்துக்கு மாசாமாசம் பணம்னு ஒரு திட்டம் 1998-ல கொண்டு வந்தார், அது அந்தக் கட்சியோட பெரிய வாக்குறுதி, ஆனா பொம்பளைங்களை வீட்டுல உக்கார வைக்கற திட்டம்னு அங்க பலத்த எதிர்ப்பு, எனக்கும் அந்த எதிர்ப்புல நியாயம் இருக்குன்னுதான் தோணுது. அதே வருஷம் கச்சா எண்ணெய் விலை விழுந்துச்சு, நார்வே பணத்தோட மதிப்பு ஆடுச்சு, வட்டி மேல மேல ஏறிட்டே இருந்துச்சு.

அந்த நேரத்துலதான், 1998 ஆகஸ்ட் 31-ம் தேதி, பிரதமர் அலுவலகத்துல இருந்து ஒரு அறிவிப்பு வந்துச்சு. பிரதமர் லீவுல போறார், வேலை பாரம் தாங்காம அவருக்கு மனச்சோர்வு வந்திருக்கு, டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார். அவ்வளவுதான் ஐயா, காய்ச்சல்னு சொல்லல, முதுகுவலின்னு சொல்லல, "வழக்கமான பரிசோதனை"ன்னு சொல்லல. பதவியில இருக்கற பிரதமர், அதுவும் மெஜாரிட்டி இல்லாத ஆட்சி நடத்திட்டு இருக்கறவர், எனக்கு டிப்ரஷன்னு நாட்டுக்கே சொல்லிட்டு லீவு போட்டார். காலையில படுக்கைய விட்டு எழுந்திரிக்கவே முடியலைன்னு பின்னாடி அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். துணையா இருந்த மந்திரி ஆன் எங்கர் லான்ஸ்டைன் பிரதமர் பொறுப்பை எடுத்துக்கிட்டாங்க. இவர் டாக்டர்கிட்ட பேசினார், ஓய்வு எடுத்தார், மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, செப்டம்பர் கடைசில திரும்பி வந்து அதே நாற்காலில உக்காந்து வேலையப் பாத்தார்.

எதிர்க்கட்சிக்காரங்க ராஜினாமா கேட்டு தெருவுல இறங்கல. ஜனங்க கடுதாசியா எழுதிக் குவிச்சாங்க, எங்க வீட்டுலயும் இப்படித்தான், என் புருஷனுக்கும் இப்படித்தான், நீங்க சொன்னதுனால நாங்களும் வெளிய சொல்ல முடியுதுன்னு. எனக்கு அந்தக் கடிதங்கள் எழுதினவங்களை நினைச்சாதான் நெஞ்சு அடைக்குது, அத்தனை வருஷம் அத்தனை பேர் மூடி வச்சிருந்த ஒண்ணு ஒரு ஆள் வாயத் திறந்ததும் வெளிய வந்திருக்கு.

சரி அதோட அவர் அரசியல் முடிஞ்சுதான்னு பாத்தா இல்ல. 2000 மார்ச்ல ஆட்சி போச்சு, ஆனா அது உடம்பு மனசுனால இல்ல, எரிவாயுல ஓடற மின் நிலையம் கட்டறதுல வந்த சண்டை. புகை மாசைக் குறைக்கற தொழில்நுட்பம் வர்ற வரைக்கும் பொறுங்கன்னு இவர் அரசு சொல்லுச்சு, பெரிய கட்சிகள் எல்லாம் சேர்ந்து உடனே கட்டணும்னு ஓட்டுப் போட்டாங்க, நம்பிக்கை ஓட்டுல தோத்து வெளிய போனார். அடுத்த தேர்தல் முடிஞ்சு 2001 அக்டோபர்ல வேற கூட்டணியோட அதே மனுஷன் மறுபடியும் பிரதமர், இந்தத் தடவை நாலு வருஷமும் முழுசா ஓட்டினார். மனச்சோர்வு வந்தவன் பொறுப்புக்கு லாயக்கில்லைன்னு சொல்றவங்களுக்கு இதைவிட என்ன பதில் வேணும் சொல்லுங்க.

அந்த ரெண்டாவது ஆட்சியிலதான் நம்ம இலங்கைக் கதை வருது. பேச்சுக்கு நடுவுல நிக்கறோம்னு நார்வே வெளிப்படையா வந்தது 2000 ஆரம்பத்துல, அதுவும் இவர் முதல் ஆட்சி முடியற சமயம், போர்நிறுத்தம் கையெழுத்தானது இவர் ரெண்டாவது ஆட்சியில, வெளியுறவு மந்திரி யான் பீட்டர்சன், துணை மந்திரி விடார் ஹெல்கசன், கூடவே சோல்ஹைம். 2002 டிசம்பர்ல ஆஸ்லோவுல வச்சுதான் கூட்டாட்சி முறையில ஒரு தீர்வைத் தேடிப் பாக்கலாம்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க, 2003 ஏப்ரல்ல புலிகள் பேச்சை நிறுத்தி வச்சாங்க, அதுக்கப்புறம் நடந்தது எதுவும் உங்க வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியணும்னு இல்ல. எங்க அல்சூர் பக்கம் தமிழ்ச் சங்கத்துல நாலு பேர் உக்காந்து பேசினா நார்வே மேல கோவப்படறவங்கதான் ஜாஸ்தி, 2009-ல அத்தனை உயிர் போனப்போ இவங்க எங்க போனாங்கன்னு கேக்கறாங்க, அந்தக் கேள்வில வலி இருக்கு, தப்பே இல்ல. நார்வே அரசே தன் முயற்சி ஏன் தோத்துச்சுன்னு வெளி ஆளுங்களை வச்சு ஆராய்ஞ்சு 2011-ல அறிக்கை வெளியிட்டுச்சு, அதையும் உங்க கட்டுரைல ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

2003-ல ஈராக் மேல அமெரிக்கா படையெடுத்தப்போ ஐ.நா. ஒப்புதல் இல்லாம நாங்க ஆதரிக்க மாட்டோம்னு அமெரிக்காவும் இருக்கற நேட்டோ ராணுவக் கூட்டணியில இருந்துக்கிட்டே சொன்னதும் இவர் அரசுதான். கம்பெனி போர்டுல 40 சதவீதம் பொம்பளைங்க இருக்கணும்ங்கற சட்டம் 2003 டிசம்பர்ல இவர் காலத்துலதான் பாஸ் ஆச்சு. 2005-ல தோத்தார், அதோட பார்லிமென்ட்டையும் விட்டார், 2006-ல ஆஸ்லோவுல சமாதானம், மனித உரிமைக்குன்னு ஒரு மையம் ஆரம்பிச்சார். 2017 ஜனவரி கடைசில வாஷிங்டன் ஏர்போர்ட்ல இறங்கினப்போ, எப்பவோ 2014-ல ஈரானுக்கு ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார்ங்கறதுக்காக, டிப்ளமேட்டிக் பாஸ்போர்ட் கையில இருந்தும் அவரை ஒரு மணி நேரம் உக்கார வச்சு விசாரிச்சிருக்காங்க. இதெல்லாம் அங்கங்க செய்தியா வந்துச்சு. ஆனா நம்ம தமிழ் பேப்பர்கள்ல 1998 பத்தி மட்டும் நான் தேடிப் பாத்த வரைக்கும் கண்ணுல படல.

அது ஏன் நம்மளுக்கு முக்கியம்னு சொல்றேன், இதுக்குத்தான் பேனாவையே எடுத்தேன்.

என் தம்பிய கூட்டிட்டு ஓசூர் ரோட்டுல இருக்கற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு போயிட்டு வந்துட்டு இருக்கேன். அவன் அனுமதியோடதான் எழுதறேன். காலைல நீங்க அந்த ஓ.பி. பக்கம் போய் நின்னு காது கொடுத்துப் பாருங்க, கன்னடத்துக்கு சமமா தமிழ் கேக்கும், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர்னு ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வந்தவங்க, மஞ்சப்பைல சாப்பாட்டு டப்பா, பிளாஸ்டிக் கவர்ல பழைய சீட்டெல்லாம் மடிச்சு வச்சிருப்பாங்க. ஒரு நாள் பக்கத்துல ஒரு பெரியவர் உக்காந்திருந்தார், தர்மபுரி பக்கம், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில பேனா, பேசினதுல ரிட்டையர்டு வாத்தியார்னு தெரிஞ்சுது. யாருக்குங்கய்யான்னு கேட்டேன். "சும்மா துணைக்கு வந்தேன் தம்பி"ன்னார். யாருக்குத் துணைன்னு நான் கேக்கல. கொஞ்ச நேரத்துல ஒரு பேரைக் கூப்பிட்டாங்க, அவர் எழுந்திரிச்சு என்னைப் பாக்காமலே உள்ள போனார், அவர் கூட யாரும் வரல. அத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் கொடுத்த மனுஷன், முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட, திரும்ப ஜென்மத்துக்கும் பாக்கப் போறதில்லாத என்கிட்ட கூட, எனக்குத்தான்னு சொல்ல வாய் வரல. அன்னிக்கே எங்க சபைக்காரர் ஒருத்தரையும் அங்க பாத்தேன், என்னைப் பாத்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் நகந்துட்டார், நானும் பாக்காத மாதிரி இருந்துட்டேன், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கை கொடுத்தப்போ ரெண்டு பேரும் மழையப் பத்திப் பேசினோம்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் கம்பெனில வேலை பாக்கற பையன் ஒருத்தன் எங்க தெருவுல இருக்கான். தூக்கம் போய், ஆபீஸ் போறதுக்கு ஷூ மாட்டிட்டு வாசப்படிலயே உக்காந்து அழுவான். லீவு அப்ளிகேஷன்ல வைரல் ஃபீவர்னு போட்டான், அதுக்கு தெரிஞ்ச டாக்டர்கிட்ட சர்டிபிகேட். மாத்திரையப் பட்டையில இருந்து பிரிச்சு சத்து மாத்திரை டப்பால போட்டு வைப்பாங்க அவன் அம்மா, வீட்டு வேலைக்கு வர்றவங்க கண்ணுல பட்டா தெரு முழுக்க தெரிஞ்சிடும், பொண்ணு கொடுக்க மாட்டாங்கன்னு. ஒரு கட்டத்துல மேனேஜர்கிட்ட உண்மையச் சொல்லிடலாம்னு சொன்னான், சொன்ன மாசமே வேற டீமுக்கு மாத்திட்டாங்க, பொறுப்பான வேலை எதுவும் தர்றதில்ல. இவனுக்கு மட்டும் இல்ல, எத்தனை வீட்டுல இதே கதை ஓடுதுன்னு உங்க நிருபர்களுக்கே தெரியும்.

சபைகள்ல இது இன்னும் கஷ்டம், அதையும் சொல்லித்தான் ஆகணும். எனக்கு வேண்டிய ஒரு இளம் போதகர், மாசக்கணக்கா தூக்கமில்லாம, ஞாயித்துக்கிழமை ஆராதனை, சாயங்காலம் வீட்டுக் கூட்டம், நடுவுல சாவு வீடு, கல்யாண வீடுன்னு ஓடிட்டு இருந்தார், பிரசங்க மேடையில நிக்கும்போது கை நடுங்கறத நானே பாத்தேன். டாக்டரைப் பாருங்க ஐயான்னு சொன்னதுக்கு, எனக்கே மனசு சரியில்லைன்னு தெரிஞ்சா நீ என்னடா எங்களுக்கு ஆறுதல் சொல்றதுன்னு கேப்பாங்க அண்ணான்னார். கேக்கத்தான் செய்வாங்க. விசுவாசம் பத்தல, ஜெபம் பத்தல, உபவாசம் இருந்தா சரியாயிடும், இதுதான் முதல்ல வர்ற மருந்து. கோயிலுக்குப் போற வீடுகள்ல மந்திரிக்கறது, பரிகாரம், தர்காவுல கயிறுன்னு இதே வேற வேற பேர்ல நடக்குது. ஜெபம் வேணாம்னு நான் சொல்லல, நான் தினமும் ஜெபம் பண்றவன், ஆனா சர்க்கரை வந்தா மாத்திரையும் போட்டுக்கிட்டு ஜெபமும் பண்றோம்ல, இதுக்கு மட்டும் ஏன் ஜெபத்தோட நிறுத்தணும்? பொண்டேவிக் இறையியல் படிச்சவர், அபிஷேகம் பண்ணப்பட்ட போதகர், அவர் டாக்டர்கிட்ட போனார், போனேன்னு ஊரறிய சொன்னார், அதனால அவர் விசுவாசம் எந்த விதத்துலயும் குறைஞ்சு போகல. இதை எங்க போதகருக்கு போன்ல தேடிக் காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சிட்டு, "இவருக்கு நாடே காத்திருந்துச்சு, எனக்கு ஒரு மாசம் சபை காத்திருக்குமா அண்ணா"ன்னார். கமிட்டில பேசினோம், சண்டை போட்டுத்தான் ஒத்துக்க வச்சோம், இப்போ லீவுல இருக்கார், பக்கத்து சபை ஐயர் வந்து ஆராதனை நடத்தறார்.

சட்டம் நம்ம நாட்டுலயும் வந்துடுச்சு. 2017 மனநலச் சட்டத்துல உடம்புக்கு வர்ற வியாதிக்கு இன்சூரன்ஸ் தர்ற மாதிரியே மனசுக்கு வர்ற வியாதிக்கும் தரணும்னு தெளிவா இருக்கு. நிம்ஹான்ஸ் 2015-16-ல நாடு முழுக்க எடுத்த சர்வேல பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை, வியாதியப் பொறுத்து 70-ல இருந்து 92 சதவீதம் பேர் வைத்தியமே பாத்துக்கறதில்லைன்னு வந்துச்சு. 2022 அக்டோபர்ல இருந்து டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவிக்கு 14416 போன் நம்பர் இருக்கு, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கறாங்க, தமிழ்லயும் பேசறாங்க. இவ்வளவு இருந்தும் ஆளுங்க துணைக்கு வந்தேன்னு சொல்லிட்டுதானே உக்காந்திருக்காங்க. சட்டமும் நம்பரும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கு, பெரிய இடத்துல இருக்கற யாராவது ஒருத்தர் எனக்கும் வந்துச்சு, பாத்துக்கிட்டேன், திரும்ப வேலைக்கு வந்துட்டேன்னு சொல்றது. நம்ம மந்திரி, எம்.எல்.ஏ., பிஷப், மடாதிபதி யாராவது பதவியில இருக்கும்போதே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. அப்படி ஒருத்தர் வர்ற வரைக்கும் நார்வேக்காரர் கதையாவது நம்ம ஜனங்களுக்குத் தமிழ்ல கிடைக்கட்டும்.

அதனால ஐயா, உங்ககிட்ட கேக்கறது இதுதான். பொண்டேவிக் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதுங்க, இலங்கை விஷயத்தோட சேர்த்தே எழுதுங்க, திட்டணும்னா திட்டியும் எழுதுங்க, ஆனா அந்த மூணு வாரத்தை விட்டுடாதீங்க. மெடிக்கல் பக்கத்துல போடாதீங்க, அதை வியாதி இருக்கறவங்க மட்டும்தான் படிப்பாங்க, ஞாயிறு இதழ்ல அரசியல் கட்டுரையாவே போடுங்க, வீட்டுல எல்லாரும் படிப்பாங்க, கூச்சமில்லாம டைனிங் டேபிள்ல கிடக்கும். அப்புறம் உங்க கிரைம் பக்கத்துல "மனநோயாளி வெறிச்செயல்"னு தலைப்பு வைக்கறத தயவு செஞ்சு நிறுத்துங்க, அந்தத் தலைப்பைப் படிக்கற வீட்டுல மாத்திரை டப்பாவ இன்னும் உள்ள தள்ளி வைப்பாங்க. கீழ கட்டம் கட்டி 14416 போடுங்க. கட்டுரை வந்ததும் வெட்டி எங்க சபை நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்கு கமிட்டில இப்பவே சொல்லி வச்சிருக்கேன், கூடவே நாலு காப்பி எடுத்து அந்த லீவுல இருக்கற போதகருக்கும் கொடுக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.